பாலுக்கு நாலு நட்சத்திரம், துண்டறிக்கைக்கு ஒன்று

பால் நல்ல பால். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரப்போவதில் பாதிக்கு மேல் குறைதான். கோவையின் கிழக்குப் பக்கம் புதிதாக வந்திருக்கும் பண்ணைப் பால் கடை இது. பெயரைப் போடவில்லை. நடத்துகிற தம்பி நல்ல பையன், சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார், அவர் பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனமில்லை. தவிர, இதே மாதிரிக் கடை இப்போது ஊருக்கு நாலு இருக்கிறது. கண்ணாடி பாட்டில், காய்ச்சாத பால், பாட்டிலின் கழுத்தில் கட்டிய ஒரு துண்டறிக்கை. உங்கள் ஊர்க் கடைக்கும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

நான் பால் குளிரூட்டும் நிலையத்து ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சொசைட்டி சொசைட்டியாக வரும் கேன்களில் இருந்து சாம்பிள் எடுத்து, டிகிரி பார்த்து, கொழுப்பு பார்த்து, புளித்ததைத் திருப்பி அனுப்பி ஏச்சு வாங்குவதுதான் வேலை. அதனால் பால் கடையைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் காபி நினைப்பு வரும், எனக்குத் தெர்மாமீட்டர் நினைப்பு வரும். படிக்கும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை: கலப்பின மாட்டுப் பால் லிட்டர் 80 ரூபாய், நாட்டு மாட்டுப் பால் 130. பாட்டிலுக்கு 100 ரூபாய் முன்பணம், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். காலை ஆறரைக்குள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். நாட்டு மாட்டுப் பாட்டிலில் ‘ஏ2’ என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள், பாலில் உள்ள ஒரு புரத வகையின் பெயர் அது. இந்த ஏ1, ஏ2 எழுத்துகளை எடுத்துவிடச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் ஓர் உத்தரவு போட்டு, அந்த மாதமே அதைத் திரும்பவும் வாங்கிக்கொண்டது. ஆக, எழுத்து அப்படியே இருக்கிறது, 50 ரூபாய் வித்தியாசமும் அப்படியே இருக்கிறது. நான் கலப்பினப் பால்தான் வாங்குகிறேன்.

பாட்டிலைக் கையில் எடுத்தவுடன் தெரியும், மேலே ஒரு விரல் கனத்துக்கு ஏடு மஞ்சளாக ஒதுங்கியிருக்கும். பாக்கெட் பாலில் இதைப் பார்க்க முடியாது, அதில் கொழுப்பை உடைத்துக் கலந்துவிடுவார்கள். பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டர் போட்டால் 29, 30 காட்டுகிறது, தண்ணீர் கலக்கவில்லை. காய்ச்சினால் ஆடை கரண்டியில் துணி மாதிரி மடிந்து வருகிறது. காபிக்கு இரண்டாவது டிகாக்‌ஷன் போட்டாலும் தாங்குகிறது. மாட்டுக் கொட்டகை வாடை கொஞ்சமும் இல்லை, தீவன வாடையும் இல்லை. காய்ச்சாத பாலில் வாடை இல்லாமல் இருப்பது அத்தனை லேசான காரியம் இல்லை. மடியைக் கழுவித் துடைத்து, முதல் பீச்சை வேறு பாத்திரத்தில் விட்டு, கறந்த உடனே குளிர வைத்தால்தான் இப்படி வரும்.

இனி அந்தத் துண்டறிக்கைக்கு வருவோம். பச்சை மசியில் அச்சடித்து, ஓட்டை போட்டு, சணல் கயிற்றில் கோத்திருக்கிறார்கள். சாரம் இதுதான்: காய்ச்சாத பாலில் நல்ல பாக்டீரியாக்கள் இயற்கையாகவே இருக்கின்றன, அவை ஒரு காவல்படை போல நின்று நோய்க்கிருமிகளை அழித்துவிடும், காய்ச்சினால் காவல்படை செத்துவிடும், ஆகவே அப்படியே குடியுங்கள், குழந்தைகளுக்கும் கொடுங்கள்.

இதை முழுப் பொய் என்று தள்ள முடியாது. அதுதான் தொல்லையே. முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

பாலில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உண்டு. மடியின் தோலில் இருந்தும், புல்லில் இருந்தும், கறக்கிற பாத்திரத்தில் இருந்தும் வந்து சேருகின்றன. பால் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குவது இவற்றின் வேலை. அமிலம் ஏற ஏற, பல நோய்க்கிருமிகளுக்கு அங்கே பிழைப்பு இல்லாமல் போகும். அதோடு சில வகைகள் தனியாக ஆயுதமும் செய்யும். 1928லேயே அமெரிக்காவில் ஒரு பால் பாக்டீரியா இன்னொரு பால் பாக்டீரியாவை வளரவிடாமல் தடுப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். 1947ல் இங்கிலாந்தில் மாட்டிக், ஹிர்ஷ் என்ற இருவர் அந்தப் பொருளைப் பிரித்து நைசின் என்று பெயர் வைத்தார்கள். நம் தயிரிலும் வெண்ணெயிலும் இருக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியாவின் சில ரகங்கள்தான் அதைச் செய்கின்றன. உணவுப் பொட்டலத்தில் கெடாமல் காக்கும் பொருள் 234 என்று போட்டிருந்தால் அது நைசின்தான். லிஸ்டீரியா, ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற நோய்க்கிருமிகளின் மேல்சவ்வில் ஓட்டை போட்டுக் கொல்லும்.

ஆனால் ஈ.கோலை, சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் இவற்றின் மேல் நைசின் பலிக்காது. இவற்றுக்கு வெளியே இன்னொரு உறை இருக்கிறது, நைசின் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. பாலில் நாம் பயப்பட வேண்டிய பட்டியலில் இந்த மூன்றும் மேலே இருப்பவை. துண்டறிக்கையில் இது இல்லை.

கறந்த பால் கொஞ்ச நேரம் கெடாமல் நிற்பதையும் துண்டறிக்கை பாக்டீரியா கணக்கில் எழுதிவிட்டது. அது பெரும்பாலும் பாலில் உள்ள லாக்டோபெராக்சிடேஸ் என்ற நொதியின் வேலை. இதைக் கொஞ்சம் தூண்டிவிட்டால் குளிர்பெட்டி இல்லாத ஊர்களில் பாலைச் சில மணி நேரம் காப்பாற்றலாம் என்று 1991ல் கோடெக்ஸ் உலக உணவுத் தர அமைப்பு வழிமுறையே கொடுத்திருக்கிறது. அங்கேயும் பேச்சு, பாலை நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை தாக்குப்பிடிப்பது பற்றித்தான். அப்படியே குடிக்கச் சொல்லவில்லை.

சரி, இந்தக் கடைப் பாலில் நல்ல பாக்டீரியா நிஜமாகவே இருக்கிறதா? வீட்டிலேயே பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. சொசைட்டிப் பாலில் எங்கே கோளாறு என்று தேடும்போது நாங்கள் செய்வது. கண்ணாடி டம்ளர்களைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஆறவைத்து, பாலை ஊற்றி, தட்டு போட்டு மூடி, சமையல் மேடையில் வைத்துவிட வேண்டும். உறை போடக் கூடாது. தானாக என்ன ஆகிறது என்பதுதான் விடை. ஒரு டம்ளரில் கடைப் பால், இன்னொன்றில் எங்கள் தெருவில் கேனில் கொண்டுவந்து ஊற்றுகிறவரின் பால், மூன்றாவதில் காய்ச்சி ஆறிய பால்.

மறுநாள் மத்தியானம் கடைப் பால் உறைந்திருந்தது. வெட்டினால் கத்தி பட்ட இடம் பளபளவென்று நின்றது, ஓட்டை இல்லை, தண்ணீர் பிரியவில்லை, வாசனை சுத்தமான புளிப்பு. தெருக்காரரின் பாலும் உறைந்திருந்தது, ஆனால் உள்ளே குமிழ் குமிழாக ஓட்டை, கட்டி கிழிந்து மேலே மிதந்தது, கீழே மஞ்சள் தண்ணீர், வாடை சாணி வாடை. வாயு கிளப்பி ஓட்டை போடுவது கோலிபார்ம் என்ற குடல் பாக்டீரியாக் கூட்டத்தின் கைவரிசை. கை, பாத்திரம், வால் எதிலோ சாணம் இருந்திருக்கிறது. காய்ச்சிய பால் இரண்டும் இல்லாமல், உறையாமல், லேசாகக் கசந்து, அழுகின வாடையோடு இருந்தது. துண்டறிக்கை எழுதினவருக்கு இந்த மூன்றாவது டம்ளரைக் காட்டினால் சந்தோஷப்படுவார். காய்ச்சின பாலில் காவல் இல்லைதான். அதனால்தான் காய்ச்சிய பாலைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போகக் கூடாது என்பது.

ஆக முதல் டம்ளர் தம்பிக்குச் சாதகம். பால் சுத்தமாகக் கறந்தது, நல்ல கூட்டம்தான் முன்னணியில் இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனை சொல்வது எந்தக் கூட்டம் பெரிது என்பதை மட்டும்தான். ஓரத்தில் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று சொல்லாது.

நீலச் சோதனையும் அப்படித்தான். பத்து மில்லி பாலில் ஒரு மில்லி மெத்திலீன் நீலம் விட்டு, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்து, நீலம் எப்போது வெளுக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து மணி நேரம் தாங்கினால் மிக நல்ல பால், அரை மணியில் வெளுத்தால் மோசம். பழைய வேலையிடத்துத் தோழி ஒருத்தியிடம் இரண்டு பாட்டில் கொடுத்துப் பார்த்தேன். பண்ணைத் தொட்டியில் நேராகப் பிடித்தது ஐந்து மணியைத் தாண்டியும் நீலமாகவே நின்றது. அதே நாள் மாலையில் கடைக் குளிர்பெட்டியில் இருந்து எடுத்தது மூன்று மணிக்கே வெளுத்துவிட்டது. அடுத்து நான் அந்தக் குளிர்பெட்டியைத்தான் பார்த்தேன், சொல்கிறேன். ஆனால் நீலத்தை வெளுக்க வைப்பது நல்லதா கெட்டதா என்று அந்தக் குழாய்க்குத் தெரியாது. கோடிக்கணக்கில் நல்ல பாக்டீரியா இருந்தாலும் வெளுக்கும், கோடிக்கணக்கில் கெட்டது இருந்தாலும் வெளுக்கும். நூறு ஈ.கோலை மட்டும் இருந்தால் நீலம் அசையவே அசையாது. அந்த ஈ.கோலையில் ஓ157 என்ற ரகத்துக்கு நூறு கூட வேண்டாம், அதற்குக் குறைவாகவே ஒரு சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் போதும், ரத்தபேதியில் தொடங்கி சிறுநீரகத்தில் கொண்டுபோய் விடும். மாட்டுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, சாணத்தில் விட்டுக்கொண்டு ஜோராக அசை போடும். மாட்டைப் பார்த்து, பாலை மோந்து, நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இப்போது குளிர்பெட்டி. கடையில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய பெட்டி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் வந்து வந்து திறப்பதால் நான் தெர்மாமீட்டர் வைத்தபோது 9 டிகிரி. வீட்டுக்கு வரும் பாட்டில் இன்னும் மோசம், பையில் ஐஸ் கட்டி இல்லாமல் வருகிறது, வாசலில் எடுத்தவுடன் பார்த்தால் 14. பண்ணையில் பல்க் கூலர் என்ற குளிரூட்டும் தொட்டியில் 4 டிகிரிக்கு இறக்கின பாலை இப்படி வழியில் சூடேற்றுகிறார்கள். கறவையில் காட்டின அக்கறை வண்டியில் ஏறவில்லை. இதற்கு மட்டுமே ஒரு நட்சத்திரத்தைக் கழித்தேன்.

சரி, 4 டிகிரியிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று வையுங்கள். துண்டறிக்கைக் கணக்கு அங்கேதான் சுத்தமாக உடைகிறது. லாக்டிக் பாக்டீரியாவுக்கு வெதுவெதுப்பு வேண்டும். பத்து டிகிரிக்குக் கீழே போனால் அநேகமாக வேலை நிறுத்தம். அமிலம் செய்யாது, நைசினும் செய்யாது. ஆனால் லிஸ்டீரியா பனிக்கட்டி நிலைக்குப் பக்கத்தில் கூட மெதுவாகப் பெருகும். பாலைக் கசக்க வைக்கும் சூடோமோனாஸும் குளிரில் வளரும். கேம்பிலோபேக்டர் வளராது, ஆனால் சாகாமல் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஆக அந்தப் பெட்டிக்குள் காவல்காரன் போர்த்திக்கொண்டு தூங்குகிறான், திருடனுக்குக் குளிரே இல்லை.

அப்படியானால் குளிர வைக்காமல் வெளியே வைத்தால்? காவல்காரன் எழுந்துகொள்வான், நிஜம். ஆனால் அவன் வேலையை முடிக்கும்போது டம்ளரில் பால் இருக்காது, தயிர் இருக்கும். அதற்கு நடுவில் உள்ள நாலைந்து மணி நேரம் எல்லாக் கூட்டமும் சேர்ந்தே பெருகும். பாலாகவும் இருக்க வேண்டும், பாக்டீரியா காவலும் காக்க வேண்டும் என்றால் இரண்டும் ஒரே பாட்டிலில் நடக்காது. எனக்கு இந்தக் கடையோடு உள்ள சண்டையெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான்.

துண்டறிக்கையின் பின்பக்கத்தில் ‘அமெரிக்கக் கன்னியாஸ்திரி நிரூபித்த உண்மை’ என்று ஒரு வரி. எனக்குத் தெரிந்த கதைதான், நல்ல கதையும் கூட. கனெக்டிகட் மாநிலத்தில் ரெஜினா லௌடிஸ் என்ற மடத்தில் நோயெல்லா மார்செலினோ என்ற கன்னியாஸ்திரி பச்சைப் பாலில் சீஸ் செய்து வந்தார். பிரெஞ்சு முறைப்படி மரத் தொட்டியில் பாலைத் தோய்ப்பது. 1985ல் கலிபோர்னியாவில் மென்மையான ஒரு சீஸில் லிஸ்டீரியா வந்து பலர் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் அதிகாரிகள் மரத் தொட்டியைத் தூக்கிப் போடு, ஸ்டீல் வை என்றார்கள். இவர் இரண்டிலும் தோய்த்தார், இரண்டிலும் வேண்டுமென்றே ஈ.கோலையைப் போட்டார். ஸ்டீல் தொட்டிச் சீஸில் ஈ.கோலை செழித்தது, மரத் தொட்டிச் சீஸில் ஏறக்குறைய இல்லாமல் போனது. மரத்தின் இடுக்குகளில் தலைமுறையாகக் குடியிருந்த லாக்டிக் பாக்டீரியா கிடுகிடுவென்று அமிலம் செய்து இடத்தைப் பிடித்துவிட்டது. அப்புறம் அவர் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டமே வாங்கினார்.

கதையில் ஒரு வரி பொய் இல்லை. ஆனால் அது சீஸ். வெதுவெதுப்பான பால், தொட்டி நிறைய பாக்டீரியா, ஏறுகிற அமிலம், வடிகிற தண்ணீர், உப்பு, கூடவே காத்திருப்பு. குளிர்ந்த பாட்டிலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்த அம்மாளின் தொட்டியைக் காட்டி இந்தப் பாட்டிலை விற்பது சரியில்லை. மேலும், புளிப்பு ஏறினால் எல்லாம் செத்துவிடும் என்றும் கிடையாது. ஓ157 அமிலத்தைக் கொஞ்சம் தாங்கக்கூடியது. பச்சைப் பாலில் நேராகத் தோய்த்த தயிரையும் நான் குழந்தைக்குக் கொடுக்க மாட்டேன்.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டு அக்கா பேரனுக்காகத்தான் நான் இத்தனை தூரம் இறங்கினது. பையனுக்கு இரண்டு வயது, அடிக்கடி சளி, இழுப்பு. பச்சைப் பால் குடித்தால் ஆஸ்துமா வராதாம், வெளிநாட்டில் ஆராய்ச்சியே இருக்கிறதாம் என்று அக்கா பாட்டிலோடு வந்து நின்றார். ஆராய்ச்சி இருப்பது நிஜம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து கிராமத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்த கேப்ரியேலா ஆய்வு 2011ல் வந்தது. பண்ணையில் காய்ச்சாத பால் குடித்த பிள்ளைகளிடம் ஆஸ்துமாவும் தும்மல் ஒவ்வாமையும் குறைவாகத்தான் இருந்தன. ஆனால் பாலில் எத்தனை பாக்டீரியா இருந்தது என்பதற்கும் அந்தப் பலனுக்கும் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது பால் திரிந்தால் பிரிகிற தண்ணீரில் இருக்கும் சில புரதங்களோடுதான். காய்ச்சாத பாலைக் குடியுங்கள் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை, கிருமி ஆபத்து இருக்கிறது என்று எழுதினார்கள். இதை அக்காவிடம் அத்தனை நீளமாகச் சொல்லவில்லை. “காய்ச்சிக் குடுங்கக்கா, இழுப்புக்கு டாக்டரைப் பாருங்க” என்றேன். “அப்போ அந்தச் சீட்டுல போட்டிருக்கறது பொய்யா கண்ணு?” என்றார். பாதி பொய் என்று சொன்னதற்கு, “பாதியா இருந்தா என்ன, பாலை நான் முழுசாத்தானே காசு குடுத்து வாங்கறேன்” என்று கோபித்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் பண்ணைக்கே போய்ப் பார்த்தேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. கொட்டகைத் தரை காய்ந்திருந்தது, மாடுகளின் தொடையில் சாணம் அப்பிக் காயவில்லை, கறவை இயந்திரத்து ரப்பர் குழாய்களில் வெடிப்பு இல்லை. மடிநோய் பார்க்கும் நாலு குழித் தட்டு சுவரில் மாட்டியிருந்தது, ஈரமாகவும் இருந்தது, ஆக நிஜமாகவே பயன்படுத்துகிறார்கள். கறந்த பின் காம்பை அயோடினில் நனைக்கிறார்கள். இதெல்லாம் நான் பார்த்த பெரிய பண்ணைகளிலேயே ஒழுங்காக நடக்காதவை. தம்பிக்கு முழு மார்க்.

“மாடெல்லாம் எங்கே பிடிச்சீங்க தம்பி?” என்று கேட்டேன்.

“கொஞ்சம் சந்தையிலங்கம்மா, கொஞ்சம் வீட்டுக் கன்னுங்க.”

“கன்று வீச்சு ஏதாவது?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “சந்தையில வாங்கினதுல ஒண்ணு போன வருஷம் ஏழாம் மாசத்துல வீசிருச்சுங்க” என்றார்.

மாடு நிறைமாதத்துக்கு முன் கன்று வீசினால் முதலில் நினைக்க வேண்டியது புரூசெல்லா என்ற கிருமி. பால் வழியாக மனிதனுக்கு வந்தால் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, ராத்திரி வேர்வை என்று மாதக்கணக்கில் இழுக்கும், டைபாய்டு என்றும் வாதம் என்றும் வைத்தியம் நடந்துகொண்டிருக்கும். பெண் கன்றுகளுக்கு நாலில் இருந்து எட்டு மாதத்துக்குள் ஒரு தடவை ஊசி போட்டால் போதும், 2019 செப்டம்பரில் தொடங்கின தேசியத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். ஆனால் சந்தையில் வாங்கின பெரிய மாட்டுக்குப் போட்டார்களா என்று யாருக்குத் தெரியும்? இதற்கு எளிமையான ஒரு சோதனை உண்டு. சாயம் ஏற்றின மருந்து ஒரு சொட்டைப் பாலில் விட்டு வைத்தால், புரூசெல்லா எதிர்ப்பொருள் இருக்கும் பாலில் மேலே மிதக்கும் ஏட்டோடு சேர்ந்து நீல வளையம் கட்டும். தொட்டிப் பாலுக்கே செய்யலாம். கால்நடை மருத்துவரிடம் சொல்லி அதைச் செய்யுங்கள், வளையம் கட்டினால் ஒவ்வொரு மாடாக ரத்தம் எடுங்கள், காசநோய்ச் சோதனையும் சேர்த்துச் செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். லாக்டிக் பாக்டீரியா எத்தனை இருந்தாலும் புரூசெல்லாவை அது பார்த்துக்கொள்ளும் என்று குளிர்ந்த பாலை நம்ப முடியாது. 72 டிகிரியில் 15 விநாடி போதும், செத்துவிடும். அடுப்பில் ஒரு கொதி என்பது அதற்கும் மேலே.

நான் பாராட்ட வேண்டிய சரக்கு இனிமேல்தான் வருகிறது. அவர்கள் தயிர். மண் கலயத்தில், அரைக் கிலோ 70 ரூபாய். பாலை நன்றாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முந்தின நாள் தயிரிலேயே உறை ஊற்றுகிறார்கள். வேண்டாத எல்லாரையும் முதலில் வெளியே அனுப்பிவிட்டு, வேண்டியவர்களை மட்டும் ஒரு கரண்டி அழைத்து, அவர்களுக்குப் பிடித்த சூட்டில் வீட்டைக் கொடுப்பது. துண்டறிக்கை காய்ச்சாத பாலுக்குக் கொடுக்கிற பெருமை எல்லாம் இந்தக் கலயத்துக்குச் சேர வேண்டியது. எண்ணிக்கையிலும் ஒப்பிட முடியாது, சுத்தமாகக் கறந்து குளிர வைத்த பாட்டில் முழுக்க இருக்கும் லாக்டிக் பாக்டீரியாவை விட ஒரு கரண்டி நல்ல தயிரில் பல மடங்கு அதிகம் இருக்கும், மில்லிக்குக் கோடிக்கணக்கில். கலயம் தண்ணீரை உறிஞ்சிவிடுவதால் தயிர் கட்டியாக இருக்கிறது, கரண்டி விட்டால் குழி அப்படியே நிற்கிறது. முதல் நாள் இனிப்பும் லேசான புளிப்பும். மூன்றாம் நாள் மோர்க்குழம்புக்கு ஏற்ற புளிப்பு. வாங்கினால் ஒரு கரண்டியை எடுத்து உங்கள் வீட்டு உறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது இந்த உறைதான்.

வெண்ணெய் சுமார். உப்பில்லாத வெண்ணெய் என்று விற்கிறார்கள், ஆனால் மோர் சரியாகக் கழுவப்படாமல் இரண்டே நாளில் வாடை தட்டுகிறது. நெய் நன்றாக இருக்கிறது, முருங்கைக் கீரை கொஞ்சம் தாராளம். பன்னீர் வாங்கவில்லை.

பாட்டில் கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. திரும்பி வரும் பாட்டில்களைச் சோடா நீரில் ஊறப்போட்டுப் பிரஷ் போடுகிறார்கள், பிறகு வெந்நீர். சரிதான். ஆனால் மூடி பிளாஸ்டிக், உள்ளே மெல்லிய வளையம் ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டிலில் அதைப் பிரித்துப் பார்த்தேன், பழைய பால் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள், முடியாவிட்டால் ஒருமுறை மூடிக்கு மாறுங்கள் என்று சொன்னேன். அடுத்த வாரமே தகட்டு மூடி வந்துவிட்டது. சொன்னால் கேட்கிறார் என்றேனே, அதற்கு இது ஒரு சாட்சி.

துண்டறிக்கை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நழுவுகிறார். “காய்ச்சிக் குடிக்கவும்னு போட்டா, பாக்கெட் பாலுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்னு கேப்பாங்கம்மா” என்கிறார். வித்தியாசம் ஏட்டில் இருக்கிறது, வாடையில்லாத பாலில் இருக்கிறது, காலையில் கறந்தது காலையிலேயே வருவதில் இருக்கிறது, அதைப் போடுங்கள் தம்பி என்றேன். புது அச்சுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். இன்று காலை வந்த பாட்டிலிலும் பச்சை மசிச் சீட்டுதான் தொங்கியது.

வாங்குகிறவர்களுக்கு: வீட்டு வாசலுக்கு வருவதை விடக் காலை ஏழுக்குள் கடைக்குப் போய், அப்போதுதான் பண்ணை வண்டியில் இருந்து இறங்குகிற பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள், கண்ணாடிக் கதவுப் பெட்டியில் இருப்பதை விடுங்கள். வீட்டுக்கு வந்த உடனே ஒரு கொதி விடுங்கள். தயிருக்கு முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும், சனிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது. முன்பணத்தைத் திரும்ப வாங்க ரசீதைப் பத்திரமாக வையுங்கள், ரசீது இல்லை என்றால் கல்லாவில் இருக்கிற பையன் தலையைச் சொறிகிறான்.